நோட்டீஸின் பின்பக்கத்தில் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பலருக்கு அவர் அண்ணன். சிலருக்கு மாமா, சித்தப்பா, சம்பந்தி. மேடையில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்கு வெறும் 'டிரம்ஸ்'. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் ஷீலா கேட்டபோது, எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை என்றேன். நர்ஸ் வேலையில் நான் எழுதியதெல்லாம் காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, அவ்வளவுதான். "அதே மாதிரி எழுதுங்கத்தை, பொய்யில்லாம இருக்கும்" என்றாள். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

அண்ணன் பிறந்தது சூலூருக்குத் தெற்கே, ஒரு பண்ணாடியின் தோட்டத்துச் சாளைக் குடிசையில். தோட்டத்துக்காரரை எங்கள் அப்பாவும் அம்மாவும் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் தோல் கட்டிய பழைய டிரம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அதன் தோல் தொய்ந்துவிடும். ஓலை கொளுத்தி அதைக் காய்ச்சி வைக்கும் வேலையை ஆயர் அண்ணனிடம் கொடுத்திருந்தார். காய்ச்சியவர் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டுமல்லவா. தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்தே அண்ணன் பழகிவிட்டார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் டிரம் அவர் தோளில் தொங்கியது.

அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றிப் படுத்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டார். கோவைக்கு வந்து ஒரு மோட்டார் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து, லேத் பிடித்து, டர்னர் ஆனார். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் துடியலூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். என்னை நர்சிங் படிக்க வைத்தது அவர்தான். நான் கன்னியாஸ்திரி மடத்து விடுதிக்குப் போகும்போது அம்மா அழுதார்கள். அண்ணன் அழவில்லை. "நீ படிச்சு முடிச்சு வா கண்ணு, எனக்கு மொதல் ஊசி நீதான் போடோணும்" என்றார். அவருக்குக் கடைசி ஊசி போட்டதும் நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

பட்டறையில் அடுத்த லேத்தில் நின்றவர் பிலிப் அண்ணன். சனிக்கிழமையானால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மெல்லிசைக் கச்சேரிக்குப் போவார். ஒரு முறை குழுவின் டிரம்ஸ்காரருக்கு அம்மை போட்டுவிட்டது. பிலிப் அண்ணன் எங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் போனவர்தான், அந்தக் குழு கலைகிற வரைக்கும் இறங்கவில்லை. குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உரிமையாளரின் பெயரும் குழுவின் பெயரும் நோட்டீஸ்களில் போதுமான அளவு பெரிதாகவே இருக்கின்றன.

அந்தக் கால நோட்டீஸ் எப்படி இருக்கும் என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய தாள். மேலே சாமி பெயரும் ஊர்ப் பெயரும். நடுவில் மைக் பிடித்து நிற்கும் ஒரு பெண்ணின் படம். எந்த ஊர்க் கச்சேரியானாலும், யார் பாடினாலும் அதே பெண்தான் நிற்பாள், ஏனென்றால் அச்சகத்தில் அந்த ஒரு பிளாக்தான் இருந்தது. உரிமையாளர் பெயர் கொட்டை எழுத்தில். பாடுகிறவர்கள் பெயர் அதைவிடச் சிறிதாக. கீழே விழாக் கமிட்டியார் பெயர்கள் பொடி எழுத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கும். வாசிக்கிறவர்களுக்கு மட்டும் 'மற்றும் குழுவினர்' என்று போட்டு முடித்துவிடுவார்கள். வருடம் போட மாட்டார்கள். வருகிற சனிக்கிழமைக்கு வருடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் சொந்த ஊர் மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கும் ஒரு தடவை அந்தக் குழுவையே கூப்பிட்டார்கள். டிரம்ஸ் அடிக்கிறவர் யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நோட்டீஸில் பெயர் இருந்தால்தானே தெரியும். அம்மாவும் நானும் கூட்டத்தின் கடைசியில், எப்போதும் எங்கள் ஆட்கள் நிற்கிற இடத்தில், நின்றோம். மேடையில் வெளிச்சத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பண்ணாடி வீட்டுப் பெரியவர் முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எழுந்து அம்மாவிடமே வந்தார். "ஏம்புள்ள, அது உன்ற பையனா?" என்று கேட்டார். "ஆமாங்க சாமி" என்றார்கள் அம்மா. அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அதைக் கேட்டபோது, "நோட்டீஸ்ல பேரு போட்டிருந்தா கச்சேரிக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும், நம்மளக் கூப்புட்டிருக்கவே மாட்டாங்க" என்று சிரித்தார். சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அண்ணியைப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டினோம். பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை டர்னர் என்று சொன்னோம். டிரம்ஸ் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் முடிந்து முதல் நோன்பிக் காலம் வந்தபோதுதான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. "சனிக்கெழமைக்கு மட்டும் நான் கட்டாத பொண்ணாட்ட இருக்கறனுங்க" என்று அம்மாவிடம் முறையிட்டார். ஆனாலும் கச்சேரிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பதும் அவர்தான்.

அண்ணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் அண்ணனின் பெயரைச் சொன்னதே இல்லை. கூப்பிடுவதென்றால் "ஏனுங்க". மற்றவர்களிடம் பேசும்போது "அவரு", "ஷீலா அப்பா". ஷீலா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். வலியோடு வலியாக அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். வங்கி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அட்டையை நீட்டுவாரே தவிர வாயால் சொல்ல மாட்டார். ஷீலா இதற்காக அம்மாவைச் செய்யாத கேலி இல்லை. "சொன்னா என்னம்மா ஆயிரும்?" என்பாள். "ஒண்ணும் ஆவாது கண்ணு. வாயி வல்லே" என்பார் அண்ணி.

ரிதம் எல்லாம் கீபோர்டுக்குள்ளேயே வந்து, பிறகு பாட்டே பதிவு செய்த டிராக்கில் வந்து, குழு கலைந்தது. அண்ணன் டிரம்ஸை விற்றுவிட்டார். பெரிய டிரம்முக்கான கறுப்புப் பெட்டியை மட்டும் விற்கவில்லை. வாங்க வந்தவர் கேட்டும் தரவில்லை. அது ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பட்டறைக்குப் போனார், வந்தார். வீட்டில் பாட்டுப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அடுக்களை அலமாரியைக் காலி செய்தோம். அண்ணி டப்பாக்களுக்கு அடியில் தாள் விரித்து வைக்கிற பழக்கமுள்ளவர். பருப்பு டப்பாவை எடுத்தால் அடியில் ரோஸ் தாள். மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் பச்சைத் தாள். எல்லாம் கச்சேரி நோட்டீஸ். கச்சேரிக்குப் போய்வந்த சட்டைப்பையில் மடித்திருந்ததைத் துவைக்கும்போது எடுத்து, வீணாக்காமல் அலமாரிக்கு விரித்து வைத்திருக்கிறார். எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமாக, வருடக்கணக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக. அண்ணன் வெள்ளையடிக்கிற மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அடுக்களைக்கு வெள்ளையடித்தது நானும் ஷீலாவும்தான்.

ஒரு நோட்டீஸை எடுத்து என்னிடம் காட்டினார். "இதுல பாரு அம்மணி. கமிட்டிக்கு டீ வாங்கிக் குடுத்தவன் பேருகூட இருக்குது. பிலிப்பு பேரு எங்க? ரங்கசாமி பேரு எங்க?" ரங்கசாமி அண்ணன் குழுவின் தபலாக்காரர். பிறகு நோட்டீஸைத் திருப்பி வைத்து, பின்பக்க வெள்ளையில் பேனாவால் எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வாழ்ந்த காலமெல்லாம் அவருக்கு அதுதான் வேலை. தையல்கடையில் அளவு வெட்டி வைத்த தாள், டிரங்குப் பெட்டிக்கு உள்ளே ஒட்டிய தாள், பழைய பாட்டுப் புத்தகத்தின் அட்டை என்று எங்கெங்கேயோ போய் நோட்டீஸ் எடுத்து வந்தார். பக்குவமாக ஈரத்துணி வைத்துப் பிரித்தெடுப்பார். எல்லாம் அந்த டிரம் பெட்டிக்குள் போகும், கூடவே அந்துருண்டை. பின்பக்கம் வருடம் எழுத அவருக்கு நீங்கள்தான் காலண்டர். உங்கள் வீட்டுக்கு வந்து, மூத்தவன் பிறந்தது அந்த நோன்பிக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டது நினைவிருக்கும். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பலகாரம் வைத்தவர்களும் உண்டு. அண்ணன் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு வருடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

பெயர் எழுதுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. கூட வாசித்தவர் உயிரோடு இருந்தால் அவர் கையில்தான் நோட்டீஸைக் கொடுப்பார். "நான் எழுதுனா எனக்குத் தெரிஞ்சதுதான் வரும். அவங்கவங்க கையால எழுதட்டும்" என்பார். அதற்காகவே பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறுவார். ரங்கசாமி அண்ணன் அங்கே ஒரு கொப்பரைக் களத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் காய்கிற கொப்பரைக்கு நடுவே உட்கார்ந்து நோட்டீஸ்களைப் பரப்பிக்கொள்வார்களாம். பிலிப் அண்ணன் உயிரோடு இருந்தவரைக்கும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்கு ஒரு கட்டு போகும். எழுதினவர்கள் எல்லாரும் பேசுகிற மாதிரியே எழுதினார்கள். கிட்டார் வாசித்தவர் கிட்டார் நான் என்று, தபலா வாசித்தவர் தபலா நான் என்று. அண்ணனும் தன் கையால் எழுதினதில் டிரம்ஸ் நான் என்றே எழுதினார். தன் பெயரைத் தானே எழுத எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அதில் என்ன கோளாறு வரும் என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எழுதியவரைத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

பிறகுதான் நித்யா வந்தார். ஒரு கல்லூரியில் ஆசிரியை. நம் ஊரில் மேடைகளில் நடந்த பாட்டுக் கச்சேரிகளின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தார். சபாக் கச்சேரி என்றால் யாராவது பத்திரிகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், இந்தக் கச்சேரிகளுக்கு நோட்டீஸைத் தவிர ஒன்றுமே மிச்சமில்லை என்றார். அவர் வருகிற அன்றைக்கு அண்ணன் பழைய கச்சேரிச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி அணிந்துகொண்டார். பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்தது. நித்யா நோட்டீஸ்களை இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். கல்லூரியில் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றார். அண்ணனை இவ்வளவு பேச்சாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பிலிப்பு இருந்து பாத்திருக்கோணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கண்காட்சிக்கு நாள் குறிக்கும் முன்பே அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போய்விட்டது. எல்லாம் புரியும், கண் தெளிவாக இருக்கும், ஆனால் வாயில் 'ம்' என்ற ஓசைக்கு மேல் வராது. இடது கையில் பேனா கொடுத்துப் பார்த்தேன். கோடுதான் வந்தது. எத்தனையோ நோயாளிகளை இப்படிப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டாருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு வந்தபோது அந்தத் தைரியமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒரு நாள் நித்யா வந்தார். கண்காட்சிக்காக அச்சடித்த அட்டை ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அண்ணனுக்குக் காட்டினால் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். அண்ணனின் முழுப் பெயர், அதன் கீழே, டிரம்ஸ், தபலா, கிட்டார் ஆகிய மூன்றையும் வாசித்த அரிய கலைஞர் என்று. அவர்மேல் தப்பு இல்லை. பின்பக்கங்களில் டிரம்ஸ் நான், தபலா நான், கிட்டார் நான் என்று இருந்தால், பெட்டியின் சொந்தக்காரர்தான் அந்த 'நான்' என்று யாரும் நினைப்பார்கள்.

கேட்டதும் அண்ணனின் இடது கை கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தது. 'ம், ம்' என்று ஓசை வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அண்ணி முந்தானையால் துடைத்தார். "சந்தோசத்துல அழுவறாருங்க கண்ணு. அவருக்கு இதெல்லாம் தாங்காது" என்றார். நித்யாவுக்கும் கண் கலங்கிவிட்டது. மூன்றையும் வாசித்தார் என்றது மேடைப் புகழ்ச்சி என்றே நானும் எடுத்துக்கொண்டேன். ரத்த அழுத்தம் பார்த்தேன், ஏறியிருந்தது, மாத்திரை கொடுத்தேன். அண்ணன் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அட்டையை அண்ணி அவர் பார்வையில் படும்படி மேஜைமேல் சாய்த்து வைத்தார். அண்ணன் இடது கையை நீட்டி அதைத் தள்ளிவிடுவார். கை பழகவில்லை, தண்ணீர் எடுக்கப் போய்த் தட்டிவிட்டது என்று நினைத்து அண்ணி மறுபடியும் எடுத்து வைப்பார். மறுபடியும் விழும். மறுபடியும் எடுத்து வைப்பார். இப்படியே அண்ணனின் கடைசி வாரங்கள் போயின. காய்ச்சல் கண்டு, மூச்சு திணறி, ஒரு விடியற்காலையில் ஆயர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே அமைதியாகப் போனார். அட்டை அப்போதும் மேஜைமேல்தான் இருந்தது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஷீலா கூடத்தில் கயிறு கட்டி, நோட்டீஸ்களைத் துணி கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டாள். நடுவில் அந்த அட்டை. பொள்ளாச்சியிலிருந்து ரங்கசாமி அண்ணன் வந்தார். ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் அவர் கயிற்றடியிலேயே நின்றார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்க வாம்மா. இது என்ற எழுத்துத்தானுங்கோ."

"ஆமாங்கண்ணா. உங்க கையால எழுத வெக்கத்தான பொள்ளாச்சிக்கு வந்துட்டிருந்தாரு" என்றேன்.

"அப்ப இந்தத் தபலா நான்-ங்கறது நானல்லோ. இந்த அட்டையில அவம் பேரு போட்டிருக்குது?" அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என்ற பேரு போவட்டும் உடுங்க. அவன் மட்டும் இதப் பாத்திருந்தான்னா, துடிச்சுப் போயிருப்பான்."

பக்கத்தில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அண்ணி அப்படியே நின்றார். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாத்தாருங்க" என்றார். "பாத்துப்போட்டுத்தான் போனாரு."

அன்றைக்கு அவர் அழுத அழுகையை அடக்கம் செய்த நாளில்கூட அழவில்லை. "தள்ளித் தள்ளி உட்டாரு கண்ணு. நானு எடுத்து எடுத்து வெச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அண்ணன் வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பெயருக்காக அலைந்தவர். கடைசியில் அவர்கள் பெயரெல்லாம் தன் பெயருக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வாயில்லாமல் கிடந்திருக்கிறார். இதை நினைக்காத நாள் இந்த ஒரு வருடத்தில் எனக்கு இல்லை.

மறுநாளே நித்யாவுக்குச் சொன்னோம். அந்தப் பெண் போனிலேயே அழுதுவிட்டார். கண்காட்சியைத் தள்ளி வைத்துவிட்டு, எத்தனை நாள் ஆனாலும் சரியாகச் செய்வோம் என்று வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். ரங்கசாமி அண்ணன் பஸ் ஏறி ஏறி வந்தார். தன் எழுத்தை எடுத்து, 'நான்' என்பதற்குப் பக்கத்தில் ரங்கசாமி என்று முழுசாக எழுதினார். எழுதும்போதெல்லாம் வெட்கப்பட்டார். பிலிப் அண்ணன் இல்லாததால் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது அவருங்க. இதும் அவருங்க. இது இல்லீங்க" என்று தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு பேனாவை வாங்கி, "பிலிப்புன்னு மட்டும் போட்டாப் போதுங்களா, அவங்கப்பா பேரும் சேத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். அவர் புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுதுவதை அண்ணி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது அண்ணனின் கட்டு. அதுதான் பெரியது. ஷீலா பேனாவை எடுத்து மேல்தாளைத் திருப்பினாள்.

"குடு கண்ணு" என்று அண்ணி கை நீட்டினார். "நானு எழுதறேன்."

ஷீலா என்னைப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கி அண்ணி கையில் கொடுத்தேன். அண்ணி ஐந்தாவது வரைக்கும் படித்தவர். பேனா பிடித்து எவ்வளவோ காலமாயிற்று. முதலில் ஒரு காலண்டர் தாளில் எழுதிப் பார்த்தார். யாரும் பார்ப்பதற்குள் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு நோட்டீஸை எடுத்து, டிரம்ஸ் நான் என்று இருந்ததற்குப் பக்கத்தில் அண்ணனின் பெயரை எழுதினார். எழுத்து ஏறியும் இறங்கியும் இருந்தது. உதடு அசையவில்லை.

தினமும் சமையல் முடிந்ததும் உட்கார்ந்து சில நோட்டீஸ்கள் எழுதுவார். எழுதுவதற்கு முன் முன்பக்கத்தைத் திருப்பி எந்த ஊர் என்று பார்ப்பார். "இந்த நோம்பிக்குத்தான் சீலாக்குக் காச்சல் அடிச்சுது. போவாதீங்கன்னு சொன்னேன், கேக்காமப் போனாரு" என்பார். "இது மழயில நனஞ்சு வந்தது. சட்டச் சாயம் போயிருச்சு" என்பார். அண்ணன் எங்கெங்கேயோ போய்த் தேடிய வருடங்களில் பாதி அண்ணியிடமே இருந்திருக்கின்றன. அவர் வீட்டில் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நித்யா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கண்காட்சி சென்ற மாதம் நடந்தது. இப்போது அட்டையில் டிரம்ஸுக்கு நேராக மட்டும் அண்ணனின் பெயர். மற்றவர்கள் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். யார் எழுத்து என்று கண்டுபிடிக்க முடியாத 'நான்' சில இன்னும் உண்டு. அவற்றின் படங்களை இந்த மலரின் பின்னட்டையில் போட்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது அந்தக் கையெழுத்து தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். உதவிய அனைவருக்கும் என்று ஒரே வரியில் முடித்தால் அண்ணன் எழுந்து வந்து திட்டுவார். ரங்கசாமி அண்ணனுக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் நித்யாவுக்கும் எங்கள் நன்றி. அண்ணனைக் குழந்தை மாதிரித் தூக்கி உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்த கோகிலாவுக்கு, ஆம்புலன்ஸை எங்கள் சந்துக்குள் எப்படியோ நுழைத்துக் கொண்டுவந்த முருகேசனுக்கு, அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்கும் வந்தவர்களுக்கும் சோறு கொடுத்த பக்கத்து வீட்டு பாத்திமாவுக்கு, கடைசி வரை கூட இருந்து ஜெபித்த ஆயர் சாமுவேல் ஐயாவுக்கு, மழை ஈரத்தில் குழி வெட்டிய அந்தோணிக்கும் அவர் மகன் ஜெயராஜுக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பேனா எடுத்து இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் வழக்கம் அதுதான்.

வழக்கப்படி நானும் இந்தக் கட்டுரை முழுக்க அவரை அண்ணன் என்றே எழுதிவிட்டேன். அவர் பெயர் முன்னட்டையில், படத்துக்குக் கீழே இருக்கிறது. அது அண்ணி எழுதியது. எழுத்து கோணலாக இருக்கிறதே, கம்ப்யூட்டரில் அழகாகப் போட்டுத் தரட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.